முதலில் வால்வை மூடுங்கள், மருந்து அப்புறம்

கேள்வி: ஐயா, ஒரு ஏக்கரில் தக்காளி. நட்டு 50 நாள் ஆகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சொட்டுநீர்ப் பாசனம். வரிசைக்கு வரிசை 4 அடி, 2 அடிக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர். நிலத்தை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் தினமும் 3 மணி நேரம் விடுகிறேன். ரசாயன உரத்தை நிறுத்தி இது மூன்றாவது வருடம். இலை மஞ்சளாகிறது, மதியம் செடி தொங்கிவிடுகிறது, பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது, மண்ணும் இறுகிவிட்டது. சத்துதான் பற்றவில்லை என்று தொழு உரம் கூட்டினேன், வாரம் ஒரு முறை பிண்ணாக்குக் கரைசலும் ஊற்றுகிறேன். வெள்ளை ஈ, அசுவினி தாங்கவில்லை. வேப்பெண்ணெய் கேட்கவில்லை. மனசு கேட்காமல் ஒரே ஒரு முறை கடை மருந்து அடித்தேன். நாலு நாள் நன்றாக இருந்தது, இப்போது முன்னைவிட மோசம். அப்போது இலையில் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு முதலை மாதிரி ஒரு புழுவும் இருந்தது, அதுவும் செத்துவிட்டது. ஜிப்சம் போடலாமா? மண், தண்ணீர், பூச்சி மூன்றில் எதை முதலில் சரி செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படிக்கிறவர்கள் கண் முதலில் வெள்ளை ஈ மேல்தான் போகும். நான் அடிக்கோடு போட்ட இடம் "தினமும் 3 மணி நேரம்".

ஒரு சின்னக் கணக்கு. 4 அடி, 2 அடி என்றால் ஒரு சொட்டுவானின் பங்குக்கு 8 சதுர அடி, அதாவது ஏறத்தாழ முக்கால் சதுர மீட்டர். 3 மணி நேரத்தில் அங்கே 12 லிட்டர் விழுகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் விழுந்தால் 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அப்படிப் பார்த்தால் உங்கள் தக்காளிக்குத் தினமும் 16 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நன்றாகப் படர்ந்த தக்காளி, கடும் வெயில் நாளிலேயே 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் குடிக்காது. ஒரு சொட்டுவானுக்கு 4 முதல் 5 லிட்டர் போதும் என்ற இடத்தில் 12 லிட்டர் போகிறது. ஏக்கருக்குச் சுமார் 5,400 சொட்டுவான். தினமும் 40,000 லிட்டர் அளவுக்கு, செடிக்கு உதவாமல் வேருக்குக் கீழே இறங்குகிறது. போகிற தண்ணீர் சும்மாவும் போவதில்லை. நீங்கள் ஊற்றிய பிண்ணாக்கின் தழைச்சத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டுதான் போகிறது.

"தண்ணீர் அதிகம் என்றால் செடி ஏன் மதியம் வாடுகிறது?" என்று கேட்பீர்கள். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் சந்துகளில் தண்ணீரே நிறைந்து நின்றால் காற்று நுழையாது. காற்று இல்லாத வேர் தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் தண்ணீரை உறிஞ்ச முடியாது. காலையில் நிமிர்ந்து நிற்கும், உச்சி வெயிலில் தொங்கும், சாயங்காலம் மறுபடி எழும். அதைப் பார்த்ததும் தாகம் என்று நினைத்து இன்னும் அரை மணி நேரம் கூட்டுகிறோம். நீங்களும் 2 மணி நேரத்தில் ஆரம்பித்து 3-க்கு வந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஊகம் போதாது, மண்வெட்டியை எடுங்கள். தொங்குகிற செடி ஒன்று, நன்றாக இருக்கிற செடி ஒன்று, இரண்டின் பக்கத்திலும் ஒரு அடி ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். முதலில் மோந்து பாருங்கள். நல்ல மண் முதல் மழை வாசனையாக இருக்கும். மூச்சு முட்டிய மண்ணில் சாக்கடை நெடியோ அழுகிய முட்டை நெடியோ வரும், நிறமும் சாம்பல் தட்டியிருக்கும். அப்புறம் ஒரு மெல்லிய வேரை இரு விரலில் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக, இழுத்தால் அறுந்து வரும். அழுகல் தொடங்கிய வேர் பழுப்பாக இருக்கும். இழுத்தால் மேல் தோல் உறை மாதிரி கழன்று விரலோடு வர, உள்ளே நூல் மட்டும் மண்ணில் நிற்கும். அப்படி வந்தால் அந்தச் செடிக்கு எந்த உரம் ஊற்றியும் பிரயோஜனம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு மிளகாய்த் தோட்டத்தில் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. வரப்பில் நின்றபடியே இரும்புச்சத்துக் குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு முறை தெளித்தும் தேறவில்லை. மூன்றாம் முறை போனபோது அந்த வீட்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் செடிக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார். குழியில் தண்ணீர் ஊறி நின்றது. மண்ணில் இரும்பு இருந்தது, எடுக்கத்தான் வேர் இல்லை. அதிலிருந்து மண்ணை வெட்டிப் பார்க்காமல் மஞ்சள் இலைக்கு நான் எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை.

இலையும் சில விஷயம் சொல்லும், மறுக்கவில்லை. அடி இலை முழுசாக, ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி மட்டும் வெளுத்தால் மக்னீசியம். அதே வெளுப்பு நுனி இலையில் வந்தால் இரும்பு. உங்கள் செடியில் எது என்று எழுதவில்லை, பார்த்து வையுங்கள். ஆனால் வேர் கெட்ட செடியில் இந்த மூன்றும் கலந்து வந்து ஆளைக் குழப்பும்.

தண்ணீரைக் குறைக்கும் முன் இன்னொரு சோதனை. அரை மணி நேர வேலைதான். வரிசையின் தலைப்பு, நடு, கடைசி என்று கலந்து 20 சொட்டுவான் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பாட்டில் வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். 4 லிட்டர் சொட்டுவான் என்றால் ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் இருக்க வேண்டும். 20-ன் சராசரியை எடுங்கள். மிகக் குறைவாக விழுந்த 5 பாட்டில்களின் சராசரியைத் தனியாக எடுங்கள். இரண்டாவது, முதலாவதில் 90 சதவீதமாவது இருந்தால் உங்கள் குழாய் நன்றாக இருக்கிறது. 80-க்குக் கீழே போனால் அடைப்பு. பல தோட்டங்களில் நான் பார்ப்பது இதுதான்: கடைசி வரிசையில் நாலு செடி காய்கிறது என்பதற்காக வால்வைத் திறந்தே வைக்கிறார்கள். அந்த நாலுக்காக மீதி தோட்டமே முழுகுகிறது.

அடைப்பு இருந்தால் வடிகட்டியைக் கழுவுங்கள், ஒவ்வொரு பக்கவாட்டுக் குழாயின் கடைசி மூடியையும் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். சாணக் கரைசல், பிண்ணாக்குக் கரைசல் எதையும் துணியில் வடிகட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் சொட்டுநீரில் விடாதீர்கள். துணியைத் தாண்டும் சளி சொட்டுவானைத் தாண்டாது. அதைச் செடிக்கு நேராக ஊற்றுவதே மேல். உப்புப் படிந்து அடைத்திருந்தால் அமிலம் விட்டுக் கழுவுவார்கள், பாசிக்குக் குளோரின் விடுவார்கள். இரண்டையும் ஒருநாளும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, வருவது விஷ வாயு. தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

சரி, எவ்வளவு விடுவது? குழியில் ஈரம் நசநசவென்று இருந்தால் இரண்டு நாள் வால்வைத் திறக்கவே வேண்டாம். அரை அடி ஆழத்து மண்ணை ஒரு கை எடுத்து அழுத்துங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்னும் பொறுக்கலாம். உருண்டை பிடித்து, கட்டை விரலால் தட்டினால் உடைந்தால் தண்ணீர் விடும் நேரம் வந்துவிட்டது. உருண்டையே பிடிக்காவிட்டால் தாமதித்துவிட்டோம். அதன் பிறகு ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம். மணல் கலந்த மண்ணானால் அதையே காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து விடுங்கள், அங்கே தண்ணீர் நேர் கீழே ஓடும். களிமண்ணில் பக்கவாட்டில் பரவும், அதனால் இரண்டு நாள் பங்கைச் சேர்த்து ஒரே தடவையாக விடலாம்.

இனி அந்த வெள்ளைப் பூப்பு. சொட்டுநீரில் உப்பு போய் ஒதுங்குவது ஈரத்தின் விளிம்பில். தண்ணீர் பரவும் வழியெல்லாம் உப்பைத் தள்ளிக்கொண்டே போய், ஓரத்தில் ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போய்விடும். எந்நேரமும் நனைந்தே கிடக்கும் பாத்தியில் இது இன்னும் வேகமாக நடக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லேசாகத் தூறல் போட்டால் "மழைதான் பெய்கிறதே" என்று சொட்டுநீரை நிறுத்துவோம். அந்தத் தூறல் ஓரத்து உப்பைக் கரைத்து நேராக வேருக்குக் கொண்டு வந்துவிடும். உப்புப் பூத்த நிலத்தில் தூறலின்போது சொட்டுநீரை ஓட விடுவதே சரி. நல்ல கனமழை என்றால் நிறுத்திக்கொள்ளலாம், அதுவே கழுவிவிடும்.

ஜிப்சம் கேட்டிருந்தீர்கள். உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம், அதை வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வழி. அங்கே ஜிப்சம் போட்டால் இருக்கிற உப்போடு இன்னொரு உப்பைச் சேர்த்த கதைதான். களர் நிலத்தில் சோடியம் மண் துகளைப் பிடித்துக்கொண்டு மண்ணையே குழம்பாக்கிவிடும். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அந்தச் சோடியத்தைக் கிளப்பிவிடும், பிறகு தண்ணீர் விட்டு அதை இறக்க வேண்டும். உங்களுடையது எது என்று ஒரு டம்ளரே ஓரளவு சொல்லிவிடும். கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பே சோதனையைக் கெடுத்துவிடும். நன்றாகக் காய்ந்த, சுண்டைக்காய் அளவு மண்கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு, ஆட்டாமல் ஒரு நாள் வையுங்கள். கட்டி அப்படியே நின்றால் நல்ல மண். உதிர்ந்து பொடியாகி அடியில் கிடந்து, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் கரிமம், அதாவது மக்கிய பொருளிலிருந்து மண்ணில் சேரும் கார்பன், குறைந்த மண். கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி தண்ணீர் கலங்கினால் களர், அப்போதுதான் ஜிப்சம் பற்றிப் பேச வேண்டும். எத்தனை மூட்டை என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல முடியும்.

சோதனைக்கு மண் எடுக்கும்போது வெள்ளை பூத்த ஓரத்தில் மட்டும் சுரண்டி எடுக்காதீர்கள். ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில், வி வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் எடுத்து, கலந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். எருக் குவியல் பக்கம், மரத்தடி, வரப்போரம் வேண்டாம். வருகிற அறிக்கையில் கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் இருந்தால் களர் என்ற சந்தேகம் பலக்கும். உப்பு அளவில், மண்ணைக் குழைத்து எடுத்த சாற்றில் பார்க்கும் முறைப்படி தக்காளி மீட்டருக்கு 2.5 டெசிசீமென்ஸ் (உப்பைக் குறிக்கும் மின்கடத்துத் திறனின் அலகு, dS/m) வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகு ஏறும்போதும் விளைச்சலில் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். சில சோதனைச்சாலைகள் தண்ணீர் அதிகம் சேர்த்துக் கலக்கிப் பார்க்கும், அந்த எண் குறைவாகத் தெரியும். எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டில் கொடுங்கள். மண்ணைச் சோதிக்கிறவர்களில் பலர் தண்ணீரைச் சோதிப்பதில்லை. உப்பு அங்கிருந்துதான் தினமும் வருகிறது என்பது மறந்துவிடுகிறது. தண்ணீரே உப்பானால், நான் சொன்ன ஒன்றேகால் மணி நேரத்தோடு மாதத்தில் ஒன்றிரண்டு நாள் நீளமாக விட்டுக் கழுவ வேண்டி வரும்.

மண் இறுக்கத்துக்குத் தொழு உரம் போட்டதில் தப்பில்லை. அவசரப்பட்டதுதான் தப்பு. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் ஏறத்தாழ 900 டன். அதில் கரிமத்தை 0.1 சதவீதம் உயர்த்தவே 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். நாம் போடும் எருவில் பெரும்பகுதி ஈரம், மீதியில் இருக்கும் கரிமத்திலும் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். மூன்று வருடத்தில் மண் மாறவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டாம், மூன்று வருடம் என்பது ஆரம்பம்தான். இந்தப் பயிருக்கு இனி எருவும் வேண்டாம், பிண்ணாக்கும் மூன்று வாரத்துக்கு வேண்டாம். மேல்மண் சற்று உலர்ந்ததும் வைக்கோலோ காய்ந்த சருகோ மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. ஓரத்தில் உப்புப் பூப்பதும் அதோடு குறையும். மண்ணோடு கொத்திவிடாதீர்கள். வைக்கோலை மண்ணில் புதைத்தால் அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கான தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது பூச்சி. தழைச்சத்து ஒரேயடியாகக் கிடைக்கும்போது செடி கொழுகொழுவென்று மெல்லிய தளிர் விடும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து. நீங்கள் ஊற்றியது பிண்ணாக்கா யூரியாவா என்று அசுவினி பார்ப்பதில்லை. இதைச் சொன்னால் இயற்கை முறைக்காரர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அந்த முதலைப் புழுவைப் பற்றிப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அது பொறிவண்டின் குஞ்சு. பெரிய வண்டு பளபளவென்று சிவப்பாக இருப்பதால் விட்டுவிடுவோம், அதன் புழுவைக் கண்டால் பயந்து மருந்து அடிப்போம். ஒரு புழு வளர்ந்து கூட்டுப்புழுவாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். கடை மருந்து அடித்த அன்று உங்கள் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவை அவைதான். வெள்ளை ஈயில் பறப்பது மட்டும் செத்தது, இலையடியில் ஒட்டிக்கிடந்த முட்டையும் குஞ்சும் தப்பின. முட்டை ஈயாக மூன்று வாரம் போதும். பொறிவண்டு அவ்வளவு சீக்கிரம் பெருகாது. நாலு நாள் நன்றாக இருந்து பிறகு மோசமானதன் கதை இதுதான்.

இது புதிதல்ல. கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைச் செதில் பூச்சி ஒன்று அழித்துக்கொண்டிருந்தபோது, 1888-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்ற பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு வருடத்தில் பூச்சி அடங்கியது. 1940-களில் அதே தோட்டங்களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். வண்டு செத்தது, ஐம்பது வருடமாக அடங்கிக் கிடந்த செதில் பூச்சி திரும்பி வந்தது.

வேப்பெண்ணெய் கேட்காததற்கும் உங்கள் தண்ணீர் மேல்தான் எனக்குச் சந்தேகம். எண்ணெய் தண்ணீரில் கலக்கச் சோப்புக் கரைசல் சேர்க்கிறோம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து தயிர் மாதிரி மிதக்கும், எண்ணெயும் தனியாக மேலே நிற்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் எண்ணெயும் வரும், அந்தக் கடைசிச் செடிகள் கருகும். காரத் தண்ணீரில் வேம்பின் வீரியமும் சீக்கிரம் போய்விடும். மழைத் தண்ணீரிலோ, சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீரிலோ கலக்குங்கள். கலந்தது பால் மாதிரி இருக்க வேண்டும், பத்து நிமிடம் வைத்தாலும் எண்ணெய் பிரியக் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். முதலில் நாலைந்து செடியில் அடித்து ஒரு நாள் பாருங்கள். வேம்பு பூச்சியை அந்த இடத்திலேயே கொல்லாது, தின்ன விடாமலும் தோலுரிக்க விடாமலும் செய்து பெருக்கத்தைத் தடுக்கும். அடித்த மறுநாள் ஈ பறக்கிறதே என்று கைவிடக் கூடாது. வாரம் ஒரு முறை போதும்.

தெளிக்கும் முன் பத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, வெண்கல நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அப்படிக் கண்ணில் பட ஆரம்பித்தால் அந்த வாரம் தெளிப்பதை நிறுத்தி வையுங்கள். எறும்பு வரிசையாக ஏறினால் அதைத் தடுங்கள், அசுவினி விடும் தேனுக்காக எறும்புதான் காவல் நின்று பொறிவண்டை விரட்டும். மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி உச்சி உயரத்தில் கட்டுங்கள். எத்தனை ஈ என்று எண்ணத்தான் அது, அதை வைத்தே ஒழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நுனி இலை சுருண்டு, சிறுத்து, செடி குட்டையாகி நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், அதற்கு மருந்து இல்லை. காய் பிடிக்காத அப்படிப்பட்ட செடிகளைச் சாயங்காலம் பைக்குள் போட்டுப் பிடுங்கி எடுத்துவிடுங்கள். அந்தக் கடை மருந்துப் புட்டியை இன்னும் எறியவில்லை என்றால், அடித்த பிறகு எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குள் ஒரு காயும் பறிக்க வேண்டாம்.

தண்ணீரைக் குறைத்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, முன்பு வெட்டிய குழிக்கு ஒரு சாண் தள்ளி மறுபடி வெட்டுங்கள். வெள்ளையாகப் புது வேர் ஓடியிருந்தால், பிண்ணாக்கைப் பழைய அளவில் பாதியாகத் தொடங்கலாம். ஓடவில்லை என்றால் டம்ளர் தண்ணீர் எப்படி இருந்தது என்பதையும், மண், தண்ணீர் இரண்டின் அறிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். ஜிப்சம் அதுவரை கடையிலேயே இருக்கட்டும்.